சாரல் நாளில் வீட்டுக்குள் தக்காளி: டீச்சர் பதில்கள்

செங்கோட்டையில் சாரல் பிடித்து ஒன்பது நாள் ஆகிறது. துவைத்த துணி காயவில்லை, அடுக்களையில் உப்பு ஜாடி கசிகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செர்ரி தக்காளியைப் பற்றித்தான். போன இதழில் எங்கள் வீட்டுப் பட்டாசலில், அதாவது நடுக்கூடத்தில், பழுத்த தக்காளிக் கொத்தின் படம் வந்தது அல்லவா, அதன் விளைவு. ஆகவே இந்த முறை மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, தக்காளிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஆரியங்காவு வாசகி: டீச்சர், எங்களுக்குக் கர்க்கடகம் (உங்கள் ஆடி) முடியும்வரை வெயில் கண்ணில் படாது. மழையில் அழுகிவிடக் கூடாதே என்று செர்ரி தக்காளி நாற்றை உள்ளே எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். பத்தே நாளில் ஒரு சாண் உயரம் போய்விட்டது. ஆனால் தண்டு நூல் மாதிரி இருக்கிறது, இலை வெளிறிக் கிடக்கிறது, நிமிர்த்தி வைத்தாலும் சாய்கிறது. உரம் போதவில்லையா?

உரம் இல்லை அம்மா, வெளிச்சம் போதவில்லை. உங்கள் நாற்று வளரவில்லை, வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது. மண்ணுக்குள் இருக்கும் முளை எப்படி இலையை விரிக்காமல் தண்டை மட்டும் மேலே தள்ளுமோ, அதையேதான் இருட்டு மூலையில் வைத்த நாற்றும் செய்யும். இந்த நேரத்தில் உரம் வைத்தால் இன்னும் நீளும். பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். எனக்கு வரும் கடிதங்களில் செத்துப்போன செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர் கிடைக்காமல் செத்தவை அல்ல. வெளிச்சம் குறைந்து, தண்ணீர் கூடிச் செத்தவை.

புதினா, கீரை வகைகள் ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பேற்றிவிடும். தக்காளி காய்க்கிற செடி. அதற்கு நேர் வெயில் ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது வேண்டும், 8 கிடைத்தால் நல்லது. நம் வட்டாரத்து வீடுகளில் அது கிடைக்காது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். எங்கள் தெருவில் பழைய வீடுகள் எல்லாம் மலையாளத்துக் கட்டுமானம்தான். சாரல் உள்ளே அடிக்கக் கூடாது என்று தாழ்வாரத்தை ஆள் உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருப்பார்கள். மழை உள்ளே வராது, வெயிலும் வராது.

எங்கள் பட்டாசலில் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு உண்டு. முதல் வருஷம் அதை நம்பித்தான் தொட்டிகளை வைத்தேன். தரையில் சதுரமாக வெயில் விழும்போது பார்க்க எவ்வளவோ வெளிச்சம் மாதிரி இருக்கும். செடி நீண்டுகொண்டே போனதும் சந்தேகம் வந்து, ஒரு நாள் சுண்ணக்கட்டியை எடுத்து, அரை மணிக்கு ஒரு தடவை அந்த வெயில் சதுரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். ஒன்பதரைக்கு மேற்குச் சுவரடியில் இருந்தது. பதினொன்றுக்கு நடுவில் வந்தது. ஒரு மணிக்கு ஊஞ்சலைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டது. என் தொட்டி நின்ற இடத்தில் வெயில் தங்கியது மொத்தம் முக்கால் மணி நேரம். அதுவும் வானம் வெளுத்திருந்த நாளில். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் கோடு போட்டுப் பாருங்கள். வெயிலே இல்லாத நாள் என்றால், செடி நிற்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் வெளிச்சம் பரவாயில்லை. கலங்கலாக ஒரு திட்டு மட்டும் விழுந்தால் தக்காளிக்குப் போதாது.

அப்புறம் என்ன வழி? விளக்குதான். ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்கு வேண்டும் என்பதில்லை. மின்சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை எல்இடி ட்யூப், 4 அடி நீளம், 20 வாட், இரண்டு போதும். நான் உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், செடி வளர வளரக் கயிற்றை ஏற்றலாம். செடியின் நுனிக்கும் விளக்குக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சுவரில் ஏழடி உயரத்தில் இருக்கும் ட்யூப் நமக்குப் படிக்க உதவும், கீழே இருக்கும் தொட்டிக்கு அதில் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. எல்இடி பெரிதாகச் சுடாது, அதனால் கிட்டத்தில் வைக்கப் பயப்பட வேண்டாம். ஒயரும் பிளக்கும் மட்டும் ஓதம் ஏறிய சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை 6 மணிக்குப் போட்டு இரவு 8 மணிக்கு அணையுங்கள். மறக்கும் என்றால் ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடலாம். சீக்கிரம் காய்க்கட்டும் என்று இரவு முழுக்க எரியவிடாதீர்கள். தக்காளி அதைத் தாங்காது, இடைவிடாத வெளிச்சத்தில் இலை மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழுந்து நோஞ்சானாகிவிடும். எட்டு மணி நேர இருட்டாவது அதற்கு அவசியம்.

இப்போது இருக்கும் நாற்றைத் தூக்கி எறிய வேண்டாம். தக்காளித் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். ஆழமான தொட்டியில், மேலே இரண்டு ஜோடி இலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி தண்டைப் புதைத்து நடுங்கள். தண்டு வளைந்திருந்தால் படுக்கவைத்துப் புதைத்தாலும் சரி. அன்றே விளக்கடியில் வையுங்கள்.

தென்காசி வாசகி: கடையில் செர்ரி தக்காளி விதை என்று கேட்டு வாங்கி, சின்னத் தொட்டியில் போட்டேன். ஐந்தடிக்கு மேல் வளர்ந்து விளக்கைத் தாண்டிவிட்டது. என்ன ரகம் வாங்க வேண்டும்?

எனக்கும் இதே அனுபவம் உண்டு. பாக்கெட்டில் குட்டிப் பழத்தின் படம் இருந்தது, செடியும் குட்டியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பழம் சிறியது என்பதற்காகச் செடி சிறியதாக இருக்காது. பெரும்பாலான செர்ரி தக்காளிகள் கொடி மாதிரி நிற்காமல் வளர்கிறவை. ஆறடி, ஏழடி போகும். அவற்றுக்கு 15 லிட்டருக்குக் குறையாத தொட்டி, கயிறு, வாரம் ஒருமுறை பக்கக் கிளை கிள்ளுவது, இவ்வளவும் வேண்டும். மொட்டை மாடியில் பந்தல் போட்டால் அருமையாக வரும், பட்டாசலில் முடியாது.

வீட்டுக்குள் வளர்க்கக் குட்டை ரகம் என்று கேட்டு வாங்குங்கள். டைனி டிம் என்ற ரகம் 1945-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் வெளியிட்டது, இன்றும் வளர்க்கிறார்கள். ஓர் அடியை ஒட்டி நிற்கும். மைக்ரோ டாம் அதைவிடச் சிறியது, 1989-இல் ஃபுளோரிடாவில் வந்தது. முழு வளர்ச்சியிலும் ஒரு சாண் உயரம்தான். அது இவ்வளவு சின்னதாகவும் சீக்கிரம் காய்ப்பதாகவும் இருப்பதால் மருந்து ஆய்வகங்களில் எலி மாதிரி, தாவர ஆய்வகங்களில் அது ஆராய்ச்சிச் செடியாகவே ஆகிவிட்டது. ருசி என்று கேட்டால் எனக்கு மைக்ரோ டாமைவிட ரெட் ராபின் பிடிக்கும், அதுவும் ஓர் அடிக்குள் அடங்கும். இந்தக் குட்டை ரகங்களுக்கு இரண்டு லிட்டர் பிடிக்கிற தொட்டி போதும். பக்கக் கிளையைக் கிள்ளவே கூடாது, அதில்தான் காய்.

குமுளி வாசகர்: செடி நன்றாக இருக்கிறது டீச்சர், விளக்கும் போட்டிருக்கிறேன். கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ஆனால் ஒரு பூவும் பிஞ்சாகவில்லை. காம்போடு உதிர்ந்து தொட்டியைச் சுற்றிக் கிடக்கிறது. மனசு கஷ்டமாக இருக்கிறது.

தம்பி, உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துக் காம்பைப் பாருங்கள். நடுவில் விரல் மூட்டு மாதிரி ஒரு முடிச்சு இருக்கும். சரியாக அந்த மூட்டில்தான் ஒடிந்திருக்கும். மகரந்தம் சேராத பூவைச் செடி அந்த இடத்தில் மஞ்சளாக்கிக் கழற்றிவிடுகிறது. உங்கள் செடிக்கு நோய் ஒன்றும் இல்லை. அதை அசைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இனி செடியில் இருக்கும் பூவைப் பாருங்கள். மஞ்சள் இதழ்கள் பின்னால் மடங்கி, நடுவில் கூம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி உண்டான குழாய். சூலகத்தின் தண்டு அதற்குள்ளேயே இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருப்பதால் வேறு செடி தேவையில்லை. ஆனால் மகரந்தம் அந்தக் குழாயின் உட்பக்கம் அடைபட்டிருக்கிறது, உப்பு டப்பாவைக் குலுக்கினால்தானே உப்பு விழும், அது போல. வெளியே இருந்தால் காற்று குலுக்கும். நீலப்பட்டைத் தேனீ என்று ஒன்று உண்டு, அது பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்துக் குலுக்கும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வீட்டுக்குள் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறேன். இயற்பியல் ஆய்வகத்திலிருந்து இசைக்கவையை வாங்கி வந்து, ரப்பர் கட்டையில் தட்டி, அதிர்கிற முனையைப் பூக்காம்பில் தொட்டேன். பூவுக்கு அடியில் ஒரு பிள்ளை கறுப்புச் சிலேட்டைப் பிடித்திருந்தாள். வெளிர் மஞ்சளாக, முகப்பவுடர் மாதிரி ஒரு தூள் சிலேட்டில் இறங்கியது. பிள்ளைகள் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள், தூள் பறந்துவிடும் என்று. இன்று வரை எனக்கு அதுதான் மகரந்தம் என்றால் நினைவுக்கு வருகிற படம்.

உங்களுக்கு இசைக்கவை வேண்டாம். பேட்டரியில் ஓடும் பல் துலக்கும் பிரஷ் இருந்தால் அதன் முதுகைப் பூக்கொத்தின் காம்பில் இரண்டு மூன்று விநாடி வையுங்கள். இல்லையென்றால் சுண்டு விரலால் காம்பை மெதுவாகச் சுண்டிவிடுங்கள். பூவைச் சுண்டாதீர்கள், காம்பை. கீழே கறுப்பாக ஏதாவது பிடித்துப் பாருங்கள், தூள் விழுந்தால் வேலை ஆயிற்று. ஒரு பூ இரண்டு மூன்று நாள் விரிந்திருக்கும், அதனால் தினமும் ஒருமுறை செய்யுங்கள்.

குமுளியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் மகரந்தம் பிசுபிசுத்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். காலை 7 மணிக்குச் சுண்டினால் ஒன்றும் விழாது. விளக்குப் போட்டு நாலைந்து மணி நேரம் ஆன பிறகு, 11 மணிக்கு மேல் 2 மணிக்குள் செய்யுங்கள். அதற்கு அரை மணி முன்னால் மேஜை விசிறியைச் செடிப் பக்கம் திருப்பி வையுங்கள். அடைமழை நாளில் எனக்கும் ஒன்றும் விழுவதில்லை. மறுநாள் மறுபடி செய்வேன்.

பிடித்துவிட்டது என்று எப்படித் தெரியும்? இதழ் சுருங்கிப் பழுப்பாகும், ஆனால் காம்பு பச்சையாகவே இருக்கும். நாலு நாள் கழித்து அந்தக் காய்ந்த இதழை ஒதுக்கிப் பாருங்கள், குண்டூசித் தலை அளவில் பச்சையாக ஒன்று உட்கார்ந்திருக்கும்.

புளியரை வாசகி: இலையின் அடிப்பக்கம் முழுக்க வெளிர் பச்சையில் சின்னச் சின்னக் கொப்புளம். தண்டின் கீழ்ப்பகுதியில் வெள்ளை மரு. பக்கத்துத் தொட்டிக்குப் பரவுமா? மருந்து அடிக்க வேண்டுமா?

பரவாது, மருந்தும் வேண்டாம். முதலில் இலையை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பறந்தால் அது வெள்ளை ஈ, அதற்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசலும் உடனே வேண்டும், ஏனென்றால் இலைச்சுருட்டு நச்சுயிரியைக் கொண்டுவருவது அதுதான். எதுவும் பறக்கவில்லை என்றால், கொப்புளம் செடிக்குள் தேங்கிய தண்ணீர். மண் ஈரமாக இருக்கிறது, வேர் இழுத்துக்கொண்டே இருக்கிறது. காற்றும் ஈரம், வெளிச்சமும் குறைவு, இலையால் ஆவியாக விட முடியவில்லை. உள்ளே உயிரணுக்கள் உப்பி வெடித்துத் தழும்பு ஆகிவிடுகின்றன. ஏற்கனவே வந்த கொப்புளம் மறையாது, புது இலை சுத்தமாக வந்தால் போதும். தண்ணீரைக் குறையுங்கள், ஊற்றுவதானால் காலையில் ஊற்றுங்கள், விசிறி போடுங்கள். தண்டில் இருக்கும் மரு வேர் முளை, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். இவ்வளவு ஈரத்தில் தக்காளித் தண்டு மண்ணுக்கு மேலேயே வேர்விடப் பார்க்கும்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்ததும் ஒருமுறை தூக்கி, அந்தக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பாதிக் கனம் ஆனதும் ஊற்றினால் சரி. சாரல் நாளில் எனக்கு அது நாலு நாளுக்கு ஒருமுறை, பங்குனியில் தினம் ஒருமுறை.

வேலந்தாவளம் வாசகர்: வெறும் தேங்காய் நார்க்கழிவில் வளர்க்கலாமா? கால்சியத்துக்கு முட்டை ஓடு நொறுக்கிப் போடுகிறேன், ஆனாலும் காயின் அடிப்பக்கம் கறுக்கிறது.

நார்க்கழிவில் உரச்சத்து இல்லை, அதனால் வெறுமனே வேண்டாம். நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் அரைப் பங்கு. இதுதான் என் கலவை. நார்க்கழிவைக் கட்டியாக வாங்கியதும் மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். சில சரக்கில் உப்பு இருக்கும், நாற்றின் இலை ஓரம் கருகும்.

முட்டை ஓடு கரைந்து செடிக்குப் போய்ச் சேர மாதக் கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குள் போக வேண்டும். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் கால்சியம் இருந்தும் காய்க்குப் போகாது. அடி கறுக்கும், பழுத்த பழம் வெடிக்கும். தண்ணீரைச் சீராக ஊற்றுங்கள். நார்க்கழிவு கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உடையது, ஆகவே பூ வந்த பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஊற்றுவது நல்லது. அதற்கு மேல் போட்டால் இலைதான் செழிக்கும்.

நகரி வாசகி: எங்களுக்கு வெயிலுக்குக் குறைவில்லை, சித்திரையில் 40 டிகிரி. வெளியே பூ கருகுகிறது, உள்ளே வைத்தால் பிழைக்குமா?

பிழைக்கும், ஆனால் காய்க்காது. இரவிலும் வீட்டுக்குள் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத மாதங்களில் தக்காளிப் பூவில் மகரந்தம் கெட்டுவிடும். நீங்கள் சொல்வது அந்த மாதங்கள். ஆவணிக் கடைசியில் விதை போட்டால் கார்த்திகை, மார்கழியில் காய் வரும். ஜன்னலில் ஆறு மணி நேரம் நேர் வெயில் விழுமானால் உங்களுக்கு விளக்குச் செலவுகூட இல்லை.

கடையநல்லூர் வாசகர்: கடையில் வாங்கிய செர்ரி தக்காளியின் விதையைப் போடலாமா?

முளைக்கும். ஆனால் கடைப் பழம் பெரும்பாலும் கலப்பின விதையில் வந்தது, பிள்ளை தாயைப் போல இருக்காது, குட்டையாக இருக்கவும் வாய்ப்பில்லை. உங்கள் குட்டை ரகத்தில் நன்கு பழுத்த பழத்தின் விதையை எடுத்து, அந்த வழவழப்பு போக இரண்டு நாள் தண்ணீரில் புளிக்கவிட்டு, கழுவிக் காயவைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும்.

செங்கோட்டை வாசகி: தக்காளி விலை ஏறும்போதெல்லாம் இது தோன்றுகிறது. இப்படி வளர்த்தால் காசு மிச்சமா டீச்சர்?

மிச்சம் ஆகாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த விலையிலும் கணக்குச் சரியாக வராது. இரண்டு ட்யூப், 14 மணி நேரம், இரண்டு மாதப் பில்லில் 34 யூனிட் ஏறும். என் ஐந்து செடியில் போன சாரல் முழுக்கக் கிடைத்தது முக்கால் கிலோவுக்கு ஒரு கைப்பிடி கூட. குழம்புக்குப் பாவூர்சத்திரத்தில் இருந்து வருகிற தக்காளியை வாங்குங்கள். இது காலையில் எழுந்ததும் தொட்டியைத் தூக்கிப் பார்க்கவும், பதினோரு மணிக்குக் காம்பைச் சுண்டவும் ஒரு காரணம் வேண்டும் என்கிறவர்களுக்கு. சாரலில் வெளியே இறங்க முடியாமல் மூன்று மாதம் உள்ளேயே இருக்கிற வயதானவர்களுக்கு நான் இதைக் கட்டாயம் சொல்வேன். என் அம்மா கடைசி இரண்டு வருஷம் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி அந்த ஐந்து தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கொத்தில் எத்தனை பழம் என்பது என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

மூணாறு வாசகி: காய் பிடித்து ஐம்பது நாள் ஆகிறது. பச்சையாகவே நிற்கிறது. பறித்துவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். குளிரில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். தொட்டியை அடுக்களைப் பக்கம், சூடு இருக்கிற இடத்துக்கு விளக்கோடு மாற்றுங்கள். காயின் அடியில் லேசாக மஞ்சளோ இளஞ்சிவப்போ ஓடத் தொடங்கிவிட்டால் பறித்துவிடலாம், மீதியை அது தானே பழுத்துக்கொள்ளும். ஒரு பாத்திரத்தில் பழுத்த வாழைப்பழத்தோடு போட்டு மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம். முழுப் பச்சையில் பறித்தால் சிவக்கலாம், ருசி வராது. பழுத்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், மணம் போய்விடும். அடுக்களை மேடையில் காம்போடு கிடக்கட்டும்.